அறுவரின் கூட்டாற்றல்

உள்ளத்தைப் பண்படுத்துவது மட்டுமே கல்வியன்று. உடலைப் பண்படுத்துவதும் கல்வியே. நூல் பயில்வோர் விளையாடுதல் வீண் என்றும், அவருள்ளும் பெண்மக்கள் ஓடியாடுதல் தகாது என்றும் எண்ணிய காலம் உலகின் பல நாடுகளில் இருந்தது. அவ்வெண்ணம் மெல்ல அகன்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் கல்லூரி மகளிர் பலர் இன்று தம் உடல்திறத்தால் நாடறியப் புகழ் பெறுகின்றனர். அந்நாட்டுக் கல்லூரி மகளிர்க்கென ஆண்டுதோறும் நடைபெறும் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியைப் பற்றி ஈண்டுக் காண்போம்.

1972ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பெற்றது. நடுவண் அரசின் பொருளுதவி பெறும் கல்வி நிலையங்களில், ஆண் பெண் என்னும் வேறுபாடு காரணமாக எவரையும் விலக்குதல் ஆகாது என்பது அதன் கருத்து. அதன் முதன்மையான தொடரில் விளையாட்டு என்னும் சொல்லே இல்லை. ஆயினும் விளையாட்டும் கல்வியின் ஒரு கூறு ஆதலின், ஆடுகளத்தின் கதவும் மகளிர்க்குத் திறந்தது. தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகம் மகளிர் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு முதன்முதலாகப் போட்டி நடத்தியது 1982ஆம் ஆண்டில். அவ்வாண்டு யூட்டா பல்கலைக்கழக மகளிர் வாகை சூடினர்.

இப்போட்டியில் நான்கு பிரிவுகள் உள்ளன. முதலாவது தாண்டுதல். இருபத்தைந்து மீட்டர் நீளமுள்ள ஓடுபாதையில் விரைந்து ஓடிவந்து, மேசை போன்ற கருவியின்மேல் கையூன்றி எழும்பி, வானில் சுழன்று, மண்ணில் நிலைபெற நிற்றல் வேண்டும். இரண்டாவது, உயரத்தில் வேறுபட்ட இரு கம்பிகளில் ஊசலாடி, ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றுதல். மூன்றாவது சமநிலைச் சட்டம். நான்காவது தரைப் பயிற்சி; பக்கத்திற்குப் பன்னிரண்டு மீட்டர் அளவுள்ள சதுரக் களத்தில், இசைக்கு இயைய ஆடியும் பாய்ந்தும் காட்டுவது.

இந்நான்கனுள் காண்போர் நெஞ்சை நடுங்கச் செய்வது சமநிலைச் சட்டமே. அதன் நீளம் ஐந்து மீட்டர்; தரையிலிருந்து அதன் உயரம் ஒன்றேகால் மீட்டர்; அகலமோ பத்துச் சென்டிமீட்டர் மட்டுமே. கழைக்கூத்தாடுவோர் கயிற்றின்மேல் நடக்கும்போது கையில் நீண்ட கோல் ஒன்று கொண்டிருத்தலை நீங்கள் கண்டிருக்கலாம். சட்டத்தின்மேல் ஏறும் நங்கைக்கு அத்தகைய துணை யாதும் இல்லை. அவள் அதன்மேல் நடப்பதோடு அமையாள். துள்ளுவாள், சுழல்வாள், தலைகீழாகப் புரண்டு மீண்டும் அதன்மேலேயே அடி பதிப்பாள். ஒன்றரை நிமிடத்துக்குள் இவையனைத்தையும் முடித்தல் வேண்டும்.

மதிப்பெண் வழங்கும் முறையையும் அறிதல் வேண்டும். 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியால் ஒலிம்பிக் போட்டியில், ருமேனிய நாட்டைச் சேர்ந்த நாடியா கொமனேச்சி என்னும் பதினான்கு வயதுச் சிறுமி முழுமையான 10 மதிப்பெண் பெற்றாள். அத்தகைய மதிப்பெண்ணைக் காட்ட இயலாத பலகை 1.00 என்று காட்டியது. பன்னாட்டுப் போட்டிகளில் 2006ஆம் ஆண்டில் அம்முறை கைவிடப்பட்டது. கல்லூரிப் போட்டிகளிலோ அது நிலைத்துள்ளது. சட்டத்திலிருந்து விழுந்தால் அரை மதிப்பெண் குறையும். இறங்கி நிற்கையில் கால் சிறிது பெயர்ந்தாலும் குறைவு உண்டு. நடுவர் பலர் அளிக்கும் எண்களின் சராசரியே கணக்கில் கொள்ளப்படும்.

ஒவ்வொரு பிரிவிலும் அணிக்கு அறுவர் களம் புகுவர். அவருள் மிகக் குறைந்த மதிப்பெண்ணை நீக்கி, எஞ்சிய ஐவர் பெற்றவற்றைக் கூட்டுவர். ஆகவே ஒரு பிரிவுக்கு ஐம்பது, நான்கு பிரிவுகட்கும் இருநூறு என்பது உச்ச வரம்பு. இவ்விதியின் உட்பொருள் எண்ணத்தக்கது. தேர்வடம் பிடிப்போருள் ஒருவர் கை தளருமாயின் ஏனையோர் கைகள் அதனைத் தாங்கிக்கொள்ளும். பலர் தளர்வராயின் தேர் நின்றுவிடும். அவ்வாறே ஒருத்தி வழுவினால் தோழியர் ஐவரும் அவ்விழப்பை மறைப்பர். ஆனால் ஒருத்தி வழுவிய பின், எஞ்சியோருள் எவரும் வழுவலாகாது.

2018ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் செயின்ட் லூயிஸ் நகரில் இறுதிப் போட்டி நடைபெற்றது. 2016, 2017 ஆகிய ஈராண்டுகளிலும் வென்ற ஓக்லஹோமா பல்கலைக்கழக அணி, மூன்றாம் முறையும் வெல்ல முனைந்து 198.0375 மதிப்பெண் ஈட்டியது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக அணி பின்தங்கியிருந்தது. அவ்வணிக்கு எஞ்சியிருந்ததோ சமநிலைச் சட்டம் ஒன்றே. அவ்வணியைப் பயிற்றியவர் வாலரி கோண்டோஸ் பீல்டு என்னும் அம்மையார். அவர் பாலே நடனம் பயின்றவர். ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனையாகக் களம் கண்டவர் அல்லர்.

அவ்வணியின் இறுதி நங்கையாகச் சட்டத்தின்மேல் ஏறியவர் கிறிஸ்டீன் பெங்-பெங் லீ. கனடா நாட்டைச் சேர்ந்த அவர், 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் தம் நாட்டின் சார்பில் பங்கு பெறுவார் என எதிர்பார்க்கப்பட்டவர். அவ்வேளையில் முழங்காலின் தசைநார் அறுந்தது. ஒலிம்பிக் கனவும் உடன் அறுந்தது. கல்லூரியில் சேர்ந்த பின்னும் முதல் இரு பருவங்களில் அவரால் களம் புக இயலவில்லை. இழந்த காலத்தை எண்ணி, ஆறாம் ஆண்டிலும் பங்கேற்க அவர்க்கு இசைவு அளிக்கப்பட்டது. அந்த ஆறாம் ஆண்டின் இறுதி நாளே அந்நாள்.

அன்று கம்பிப் பிரிவில் அவர் முன்னரே 10 மதிப்பெண் பெற்றிருந்தார். சட்டத்திலும் ஒரு குறையுமின்றி முடித்து நிலைபெற நின்றார். நடுவர் மீண்டும் 10 வழங்கினர். அணியின் மொத்தம் 198.0750 ஆயிற்று. வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே இருந்த வேறுபாடு 0.0375 மட்டுமே. காலடி ஒன்று சற்றே பெயர்ந்திருப்பினும் வாகை கைமாறியிருக்கக் கூடும்.

இவ்வெற்றி லீ ஒருவர்க்கே உரியது என்று சிலர் கூறலாம். கணக்கு அவ்வாறு கூறவில்லை. இருநூற்றில் அவ்வணி இழந்தது 1.925. கணக்கில் சேர்ந்த ஆட்டங்கள் இருபது. எனவே ஓர் ஆட்டத்திற்குச் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கினும் குறைவாகவே அவர்கள் இழந்தனர். முதலில் ஏறியவள் காத்த சிறு பின்னமும், இறுதியில் ஏறியவர் பெற்ற முழு எண்ணும் ஒரே கூட்டலில் சேர்ந்தவையே. ஒருவேளை லீ அன்று விழுந்திருப்பினும், ஆறு ஆண்டுகள் அவர் செய்த முயற்சி பழுதாகியிராது. பரிசு மட்டுமே பிறர்க்குச் சென்றிருக்கும்.

மாணவர்களே! ஒரு கதவு மூடினும் மற்றொரு கதவு திறந்திருத்தல் வேண்டும். அதனைத் திறந்து வைப்பது சமுதாயத்தின் கடமை. திறந்த கதவின் வழியே தளராது நடத்தல் தனிமனிதர் கடமை. உடன் நடப்போர் தடுமாறுங்கால் தாங்கிக்கொள்ளுதல் தோழமையின் கடமை. இம்மூன்றும் ஒருங்கே அமைந்தமையால் அன்றோ, பத்துச் சென்டிமீட்டர் அகலமுள்ள சட்டத்தின்மேல் ஒரு நங்கை அஞ்சாது நிற்க இயன்றது!