ஆளேறாத நிலையத்தில் இரயில் நிற்பது ஏன்?



பள்ளி விடுமுறையின்போது நாம் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு கிழக்குக் கரை இரயிலில் குவா மூசாங் வரை சென்று வந்தோம். வழியில், காட்டோரத்துச் சிறு நிலையம் ஒன்றில் வண்டி நின்றது. இறங்குவார் இல்லை, ஏறுவாரும் இல்லை. பத்து நிமிடம் கடந்தும் வண்டி நகரவில்லை. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, யாருமே ஏறவில்லையே! இந்த நிலையம் எதற்கு?" என்று வினவினான். நல்ல வினா. அதற்குரிய விடையையே இங்கே கூற விழைகிறோம்.

கெமாஸிலிருந்து தும்பாட் வரை செல்லும் அப்பாதை 1931ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்நெடும்பாதை ஒற்றைத் தண்டவாளத்தால் ஆனது. போகும் வண்டிக்கும் வரும் வண்டிக்கும் ஒரே தடந்தான். சாலையில் எதிர்ப்படும் பேருந்துகள் ஒதுங்கிச் செல்லலாம். இரயில் அவ்வாறு ஒதுங்க இயலுமா? இயலாது. ஆதலால், ஆங்காங்கே சிறு நிலையங்களை அமைத்து, அங்கு மட்டும் தண்டவாளத்தை இரண்டாகப் பிரித்திருக்கின்றனர். ஒரு வண்டி பக்கத் தடத்தில் காத்திருக்க, எதிர்வண்டி கடந்து செல்லும். நாம் நின்ற நிலையத்திலும் சற்று நேரத்தில் எதிர்வண்டி வந்து கடந்தது. அதன் பின்னரே நமது வண்டி புறப்பட்டது. ஏறுவார் இல்லாவிடினும் அந்நிலையம் தன் கடமையைச் செய்துகொண்டுதான் இருந்தது.

முற்காலத்தில் இக்கடமை எங்ஙனம் நிறைவேற்றப்பட்டது என்பது வியப்பிற்குரியது. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் ஒவ்வோர் இரும்புப் பெட்டி இருக்கும். அவ்விரண்டும் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். பெட்டிக்குள் உலோகத்தாலான சாவிக்கோல்கள் அடுக்கப்பட்டிருக்கும். நிலைய அதிபர் ஒரு கோலை வெளியே எடுத்துவிட்டால், இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அக்கோல் அடுத்த நிலையத்துப் பெட்டியில் சேரும் வரை, அப்பகுதிக்குரிய வேறெந்தக் கோலையும் எவராலும் எடுக்க முடியாது. கோல் கையில் இல்லாமல் ஓட்டுநர் வண்டியைச் செலுத்தலாகாது என்பது கண்டிப்பான விதி. எனவே, ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்க முடியும். ஓடும் வண்டியிலிருந்தே பழைய கோலைக் கொடுத்துப் புதிய கோலைப் பெறுவதற்காக, அதனைப் பெரிய வளையத்தோடு இணைத்த பையில் வைத்திருப்பார்கள். எத்தனையோ ஆயிரம் உயிர்களைக் காத்தது இந்த எளிய ஏற்பாடு.

சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையம் இதற்குச் சிறந்த சான்று. 1932இல் கட்டப்பட்ட அச்சிறிய செங்கல் கட்டடம், ஒரு காலத்தில் பந்தயக் குதிரைகள் வந்திறங்கிய இடம். பிற்காலத்தில் பயணிகள் அங்கு ஏறுவதில்லை. ஆயினும் வண்டிகள் ஒன்றையொன்று கடப்பதற்கும், கோல் மாற்றிக்கொள்வதற்கும் அது இன்றியமையாததாக இருந்தது. 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாளோடு தஞ்சோங் பகார் வரையிலான இரயில் சேவை முடிவுற்றபோது, புக்கிட் தீமாவின் பணியும் முடிந்தது. அக்கட்டடம் செப்பனிடப்பட்டு, 2022இல் பொதுமக்கள் காணத் திறக்கப்பட்டது.

அடுத்து, நம் நாட்டின் முதல் இரயில் பாதையைக் காண்போம். 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை ஏறத்தாழ 8 மைல் தூரத்திற்கு அது திறக்கப்பட்டது. லாருட் வட்டாரத்து ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்வதே அதன் நோக்கம். அப்பாதையை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் படை வரவழைக்கப்பட்டது. இன்று அவ்வூரின் பெயர் கோலா செபெத்தாங். அங்கே தண்டவாளம் இல்லை, இரயிலும் இல்லை. ஆனால், பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை இன்றும் நிற்கிறது. அதில் மற்ற மொழிகளோடு தமிழிலும் ஊர்ப்பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அங்குச் செல்லும் பெற்றோர்கள் தம் பிள்ளைகளை அப்பலகையின் முன் நிறுத்தி, அத்தமிழ் எழுத்துகளைப் படிக்கச் சொல்ல வேண்டுகிறோம்.

மறைந்துபோன நிலையங்களுள் சில, மக்கள் கைவிட்டதால் மறைந்தவை அல்ல. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், தம்பினிலிருந்து மலாக்கா செல்லும் கிளைப்பாதையும், கிழக்குக் கரைப் பாதையின் பெரும்பகுதியும் பெயர்த்தெடுக்கப்பட்டன. அத்தண்டவாளங்கள் சயாம் இரயில் பாதைக்கெனக் கொண்டு செல்லப்பட்டன. தண்டவாளங்கள் மட்டுமா சென்றன? 1942, 1943ஆம் ஆண்டுகளில் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களும் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் திரும்பி வராதோர் பலர். போருக்குப் பின் கிழக்குக் கரைப் பாதை மீண்டும் அமைக்கப்பட்டது. மலாக்கா நகரத்திற்குப் பாதை மீளவேயில்லை. இன்றும் மலாக்காவுக்கு இரயிலில் செல்வோர் பூலாவ் செபாங்கில் இறங்கிச் சாலை வழியாகவே செல்ல வேண்டியிருக்கிறது.

இன்று மேற்குக் கரையில் இரட்டைத் தண்டவாளத்தில் மின்சார இரயில் விரைகிறது. அங்கே எதிர்வண்டிக்காகக் காத்திருக்கும் தேவையும் இல்லை. கோல் மாற்றும் தேவையும் இல்லை. இது நாட்டின் வளர்ச்சி. இதனை நாம் வரவேற்கிறோம். எனினும், ஒரு நிலையத்தின் பயனை அங்கு விற்ற பயணச்சீட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு அளத்தல் முறையன்று.

பெற்றோர்களே, இதனை நாம் கூறுவதற்குக் காரணம் உண்டு. 150 மாணவர்க்கும் குறைவாக உள்ள பள்ளிகளைக் 'குறைந்த மாணவர் பள்ளி' என்கிறார்கள். நமது பள்ளியும் அத்தகையதே. "இத்தனை பேர்தானா?" என்று கேட்போர் உளர். சிறிய நிலையத்தில் கோல் கைமாறாமல் வண்டி முன்னே செல்லலாகாது என்பதை அவர்களுக்கு எடுத்துரையுங்கள். உங்கள் பிள்ளைகளை நம் பள்ளிக்கே தொடர்ந்து அனுப்புங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் தாத்தா பாட்டியிடம் ஒன்று கேளுங்கள்: "முதன்முதலில் எந்த நிலையத்தில் இறங்கி நம் குடும்பம் இத்தோட்டத்திற்கு வந்தது?" அவர்கள் கூறும் ஊர்ப்பெயரை ஏட்டில் எழுதி நம்மிடம் கொண்டு வாருங்கள். அவற்றையெல்லாம் தொகுத்து, பள்ளிச் சுவரில் ஒரு வரைபடமாக மாட்டி வைப்போம்.