யாருடைய பத்து மணி?

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்தில் கிளம்பி, சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள வாலாஜா ரோடு வரை வந்தது. ஊருக்கு ஊர் உச்சிப்பொழுது மாறும். ரயிலுக்கு அது ஒத்துவராது. அதனால் சென்னை வானாய்வகம் கணித்துத் தந்த மதராஸ் நேரத்தை இந்திய ரயில்கள் நெடுங்காலம் பின்பற்றின. இன்றைய இந்திய நேரம் 1906 ஜனவரி 1 முதல்தான்.

கணினியிடம் ஒரு வேலையைத் தினமும் காலை 10 மணிக்குச் செய்யச் சொன்னாலும் இந்தச் சிக்கல்தான். யாருடைய 10 மணி?

லினக்ஸ் கணினிக்குள் ஓடும் கடிகாரத்துக்கு மணி என்பதே கிடையாது. கிரீன்விச் கணக்கில் 1970 ஜனவரி 1 பிறந்ததிலிருந்து நொடிகளை எண்ணிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். அதை மணியாகவும் தேதியாகவும் மாற்றிப் பார்த்து வேலையைத் தொடங்கிவைப்பது 'கிரான்' என்ற சிறு நிரல். 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, தன் பட்டியலைப் பார்த்து, வேலை இருந்தால் செய்துவிட்டு மறுபடி தூங்கப்போகும். பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் முதலில் ஐந்து கட்டங்கள்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. உடுக்குறி போட்டால் எதுவானாலும் சரி என்று பொருள்.

0 10 * * *

தினமும் 10 மணி. இத்தனை சுருக்கமாக ஒரு கட்டளையைச் சொல்ல முடிவது எனக்கு இன்றும் வியப்புதான்.

வாலாஜாபேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றின் வருகைப் பதிவு காலை 10 மணிக்கு முதலாளிக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாடகை சர்வர்கள் பெரும்பாலும் கிரீன்விச் கணக்கில் ஓடுபவை. அதில் மேற்கண்ட வரியை எழுதினால் பதிவு பிற்பகல் 3.30க்குப் போய்ச் சேரும். ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து 30 4 * * * என்று எழுத வேண்டும். அல்லது நேர மண்டலத்தை 'ஆசியா/கொல்கத்தா' என்று மாற்ற வேண்டும். பெயர்தான் கொல்கத்தா. உலகக் கணினிகள் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவுத்தளத்தில், 1870 முதல் 1905 முடிய அந்தப் பெயருக்குக் கீழே இருப்பது நம் மதராஸ் நேரம்: கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 10 நொடி முன்னால்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சரியாகப் பத்து மணிக்குக் கரண்ட் போய் கணினி அணைந்திருந்தால், விட்டுப்போன வேலையைக் கிரான் பிறகு செய்யாது. மின்தடை உள்ள ஊர்களில் 'அனாகிரான்' வைத்துக்கொள்ளுங்கள். கணினி திரும்ப எழுந்ததும் அன்றைய பாக்கியை அது முடித்துவிடும்.