ஒற்றைக் கண் தூக்கம்

என் முகவரியில் ஓர் ஏரி இருக்கிறது ஸார். 'ஏரித் திட்டம், முகப்பேர் மேற்கு' என்று எழுதினால் கடிதம் ஒழுங்காக வந்து சேர்ந்துவிடும். ஆனால் மொட்டை மாடியில் நின்று நாலாபுறமும் பார்த்தால், கண்ணில் படுகிற ஒரே நீர்நிலை பக்கத்து வீட்டு வாட்டர் டேங்க்தான்!

எனவே, காட்டு வாத்து பார்க்கிற ஆசை வந்தபோது (டென்ஷனைக் குறைக்கச் சொன்னார் டாக்டர்) இரவல் பைனாகுலரோடு கொரட்டூர் ஏரிக்குப் பைக்கை விட்டேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையைத் தாண்டி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்.

காலை ஆறரை மணி. எட்டுப் புள்ளிமூக்கு வாத்துகள். கறுப்பு அலகு, நுனியில் மஞ்சள் பெயின்ட் தொட்டுவைத்த மாதிரி. நெற்றியோரம் இரண்டு சிவப்புப் பொட்டு. குளிருக்கு வெளிநாட்டிலிருந்து வரும் விருந்தாளி அல்ல; உள்ளூர் ரேஷன் கார்டுதாரர். ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட ஒரே ஜாடை. இதில் வீட்டுக்காரர் யார், வீட்டம்மா யார் என்று அரை மணி நேரம் பார்த்தும் பிடிபடவில்லை.

சாப்பிடுகிற அழகு இருக்கிறதே... முழுசாக முங்குவதில்லை. தலை தண்ணீருக்குள், வால் வானத்தில்! மார்ச் மாதக் கடைசியில் எங்கள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் இப்படித்தான் இருக்கும்.

டிபன் முடிந்ததும் மேக்கப். வாலடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி. அலகால் அதைத் தொட்டுத் தொட்டு இறகெல்லாம் நீவிக்கொள்கிறது. அப்புறம் எவ்வளவு தண்ணீர் பட்டாலும் ஒட்டாது. மானேஜர் கத்தும்போது நமக்கும் இப்படியொரு சுரப்பி இருந்தால்!

பிறகு மண் திட்டில் வரிசையாக உட்கார்ந்து தூக்கம். இங்கேதான் விஷயம். நடுவில் இருந்தவை இரண்டு கண்ணையும் மூடிவிட்டன. ஓரத்து வாத்து மட்டும் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருந்தது!

1999-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் மல்லார்ட் வாத்துகளை வரிசையாக உட்காரவைத்து இதை ஆராய்ந்தார்கள். (மல்லார்ட், நம்ம புள்ளிமூக்குக்கு நெருங்கிய சொந்தம்.) ஓரத்து வாத்துகளுக்கு மூளையின் ஒரு பாதி தூங்க, மறுபாதி காவல் காக்கிறது. திறந்திருக்கும் கண் பெரும்பாலும் வெளிப்பக்கம் பார்த்த கண். ஆபத்து அங்கிருந்துதானே வரும்! ஆபீஸில் வாசலோரம் ஸீட் கிடைத்தவர்களுக்கு இந்த வித்தை ஆராய்ச்சி இல்லாமலே தெரியும்.

"இன்னா தம்பி, கண்ணாடி வச்சிக்கினு பாக்கறே?"

மாடு ஓட்டிவந்த பெரியவர்.

"வாத்துங்க பெரியவரே."

"எங்கேர்ந்து வர்றே?"

"முகப்பேர், ஏரி ஸ்கீம்."

பெரியவர் சிரித்தார். "அங்கேயே பாத்திருக்கலாமே நைனா! அதும் மேலதான வூடு கட்டிக்கினு கீறே?"

சுருக்கென்றது. ஏரியைப் பிளாட் போட்டுவிட்டு, ஞாபகார்த்தமாகப் பெயரை மட்டும் வைத்துக்கொண்ட கோஷ்டி நாங்கள். மிச்சமிருக்கும் கொரட்டூர் ஏரியிலும் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலப்பதை எதிர்த்து, 2010-களில் இந்த ஊர்க்காரர்களே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போகவேண்டியிருந்தது.

மறுபடி பைனாகுலரைத் தூக்கினேன். ஓரத்து வாத்து அசையவில்லை. திறந்திருந்த அந்த ஒற்றைக் கண் வானத்துப் பருந்தைப் பார்க்கவில்லை. கரையோர நாயையும் பார்க்கவில்லை.

'அடுத்த ஸ்கீம் எப்போ ஸார்?' என்று கேட்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.