ஆதிச்சநல்லூர்: தாழி இங்கே இருக்கு... தங்கம் எங்கே?

கோவில்பட்டி, புதூர் பக்கத்திலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய தொல்லியல் அருங்காட்சியகம் இது. நெல்லையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் சுமார் 24 கி.மீ. தூரத்தில், 2023 ஆகஸ்டில் திறந்தாங்க.

பெரிய கட்டடத்தை எதிர்பார்த்துப் போகாதீங்க. தோண்டிய குழிக்கு மேலேயே கண்ணாடி பதிச்சிருக்காங்க. குனிஞ்சு பார்த்தா, புதைச்ச இடத்திலேயே முதுமக்கள் தாழிகள். எடுத்துவந்து அலமாரியில் வைக்காமல் அப்படியே விட்டதுதான் இதன் பலம்.

சுற்றிலும் தாமிரபரணி பாயும் வயல் இருக்க, சரளைக்கல் மேட்டில் ஏன் புதைச்சாங்க? விளையுற நிலத்தை வீணாக்க வேண்டாம்னு நினைச்சிருக்கலாம். ஆய்வாளர்கள் சொல்லும் காரணமும் அதுதான். மானாவாரி விவசாயம் பார்க்கும் நம்ம கரிசல்காட்டு ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சரி, தாழியோடு கிடைச்ச பொருட்கள்? 1876-ல் ஜெர்மனியின் யாகோர் இங்கே தோண்டி எடுத்தவை பெர்லின் போயிடுச்சு. 1899-லிருந்து அலெக்சாண்டர் ரீ தோண்டியதில் கிடைச்ச தங்க நெற்றிப்பட்டம், வெண்கலப் பாத்திரம், இரும்புக் கருவிகளெல்லாம் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போச்சு. 2004-05-ல் மத்திய தொல்லியல் துறை மறுபடி தோண்டினப்போ, 150-க்கும் மேற்பட்ட தாழிகள் கிடைச்சது.

2023-ல் கண்ணாடித் தளத்தைத் திறந்த அன்றே, இங்கே பெரிய அருங்காட்சியகத்துக்கும் அடிக்கல் நாட்டினாங்க. பெர்லினுக்குப் போனதைத் திருப்பிக் கேட்கணும்னா, வாங்கி வைக்க முதலில் இங்கே ஒரு கட்டடம் வேணும்ல?