பை சார்ட்டா? பார் சார்ட்டா?

புதிதாக எக்ஸெல் பழகுபவர்கள் முதலில் தேடிப் போவது பை சார்ட்டைத்தான். வட்டமாக, வண்ண வண்ணமாக, பார்க்க அழகாக இருக்கும். நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் செங்கோட்டை. கல்லூரி விடுமுறையில் ஒரு சாரல் நாளில், செய்தித்தாளில் வந்த அணை நீர்மட்டங்களை எக்ஸெல்லில் டைப் செய்து பை சார்ட் போட்டேன். கடனாநதி, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் என ஐந்து துண்டுகள். அப்பா பார்த்துவிட்டு, "ஏலே, குண்டாறு நிரம்பி மறுகால் பாயுது. உன் படத்துல அதுதான் இருக்கதுலயே சின்னத் துண்டா இருக்கு. இத நம்பினா கார் நெல்லுக்கு எவன் நாத்துப் பாவுவான்?" என்றார்.

தவறு எங்கே? பை சார்ட் என்பது ஒரு முழுமையைப் பங்கு பிரித்துக் காட்டுவது. ஐந்து அணைகளின் அடிகளைக் கூட்டினால் வரும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. ஒன்றோடு ஒன்றை ஒப்பிட பார் சார்ட்தான் ஏற்றது. கோணத்தைவிட நீளத்தை நம் கண் எளிதாக அளந்துவிடும்.

ஆனால் பார் சார்ட்டாக மாற்றினால் மட்டும் போதாது. குண்டாறின் முழுக் கொள்ளளவு மட்டம் சுமார் 36 அடி. அடவிநயினாருக்கு 132 அடி. இரண்டிலும் 36 அடி நீர் இருந்தால் பார்கள் சமமாக நிற்கும். உண்மையில் ஒன்று நிரம்பிவிட்டது. மற்றதில் முழு உயரத்தில் 27 சதவீதம்தான்!

எனவே இப்படிச் செய்யுங்கள்:

1. முதல் காலத்தில் அணையின் பெயர், அடுத்ததில் இன்றைய அடி, மூன்றாவதில் முழு அடி.
2. நான்காவதில், இன்றைய அடியை முழு அடியால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்.
3. கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு முதல், நான்காம் காலங்களை மட்டும் தேர்ந்தெடுத்து எஃப்11 கீயைத் தட்டுங்கள். நிற்கும் பார்களுடன் சார்ட் வந்துவிடும். எக்ஸெல் இதனை 'காலம்' சார்ட் என்கிறது. படுத்திருப்பதைத்தான் 'பார்' என்கிறது.

இது உயரத்தின் சதவீதமே. நீரின் அளவல்ல என்பதையும் சார்ட்டின் கீழே எழுதிவிடுங்கள்.

அப்படியானால் பை சார்ட் வேண்டவே வேண்டாமா? தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை வடகிழக்குப் பருவமழை தருகிறது. ஆண்டு மழையை நான்கு பருவங்களாகப் பிரித்துக் காட்ட பை சார்ட் பொருத்தமானதே. 1786-ல் பார் சார்ட்டையும் 1801-ல் பை சார்ட்டையும் அச்சில் தந்தவர் வில்லியம் பிளேஃபேர் என்ற ஒரே மனிதர்தான்.

சார்ட் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த எண்களைக் கூட்டினால் பொருள் உண்டா? உண்டென்றால், துண்டுகளும் குறைவென்றால் பை, இல்லையென்றால் பார்.