மழை விடட்டும்!

ஐப்பசி அடைமழை பிடித்துக் கொண்டால் பாடிவாசிகளான நமக்கு வீட்டு வாசற்படிதான் எல்லை. பட்டணத்துக் காரியம் கிடக்கட்டும். பக்கத்திலுள்ள திருவலிதாயம் கோயிலுக்குப் போகக்கூடத் துணிவு வருவதில்லை. "மழை விடட்டும்" என்று உட்கார்ந்து விடுகிறோம். இதே வார்த்தையை ஒரு சமயம் இந்தியாவின் ஆகாயத் தபாலும் சொல்ல நேர்ந்தது.

சீமைத் தபாலை அக்காலத்தில் இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் கராச்சி வரையில் கொண்டு வந்தன. அங்கிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்குக் கொண்டு வரும் பொறுப்பை டாட்டா கம்பெனியார் ஏற்றார்கள். சர்க்கார் மானியம் கிடையாது. 1932 செப்டம்பர் 15-ந் தேதி ஆரம்பம் என்று ஏற்பாடு. ஆனால் அவ்வருஷம் மழை விடை பெறுகிற வழியாக இல்லை. பம்பாய் ஜுஹு மைதானம் சேற்று நிலமாகி விட்டது.

விமானமோ 'பஸ் மாத்' என்னும் ஒற்றை எஞ்சின் சிறு விமானம். சேறு சக்கரத்தைப் பிடித்தால் மேலே எழும்பும் வேகம் வராது. எழும்பினாலும் ரேடியோ இல்லை. பூமியைக் கண்ணால் பார்த்தே வழி தேட வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையை மேகம் மூடியிருக்கும்போது எதைப் பார்ப்பது?

முதல் நாளே தவணை கேட்பதென்றால் எந்தக் கம்பெனிக்கும் கௌரவக் குறைவுதான். இருந்தாலும் ஒரு மாதம் பொறுத்தார்கள்.

அக்டோபர் 15-ந் தேதி காலையில் ஸ்ரீ ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து கிளம்பினார். ஆமதாபாத்தில் அவருடைய விமானத்துக்குப் பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்தது! பிற்பகலில் ஜுஹுவில் இறங்கினார். அங்கே தபாலைப் பெற்றுக்கொண்டு நெவில் வின்சென்ட் வேறொரு விமானத்தில் புறப்பட்டு, பல்லாரி வழியாக மறுநாள் சென்னை சேர்ந்தார்.

பிறகு நடந்ததுதான் விசேஷம். மழைக்காலத்தில் ஜுஹு உதவாது என்று கண்டவர்கள், அந்த மாதங்களில் தளத்தைப் பூனாவுக்கு மாற்றிக் கொண்டார்கள். முதல் ஒரு வருஷத்தில், மழை மாதங்கள் உள்பட, சென்னைக்கு வந்த தபால் ஒரு தடவைகூடத் தாமதமாகவில்லை என்று சர்க்கார் விமான இலாகாவின் 1933-34 அறிக்கையே பாராட்டியது. ஒரு மாதம் காத்திருந்தவர்கள் பிறகு ஒரு நாளும் பிந்தவில்லை!

நாமும் காத்திருக்கத்தான் செய்கிறோம். ஆனால் மழை விட்டதும் கிளம்புகிறோமா என்பதை நேயர்கள் அவரவர் வீட்டில் விசாரித்துக் கொள்ளலாம்.