பப்பாளி இலைக்கு அடியில்

கண்ணுகளா, உங்கள் வீட்டுப் பொடக்காலியில் பப்பாளி மரம் இருந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள். அரிசிமாவு தூவியது போல வெள்ளையாக ஒட்டியிருந்தால், அது பப்பாளி மாவுப்பூச்சியாக இருக்கலாம். மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் பூர்வீகம். இந்தியாவில் அதை முதலில் கண்டது நம் கோயம்புத்தூரில்தான், 2008-இல்!

இலையில் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. ஆனால் ஒரு தாய் நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். திருப்பூர், ஈரோடு, சேலம் என்று பரவி, பப்பாளியோடு குச்சிக்கிழங்கையும் மல்பெரியையும் பிடித்துக்கொண்டது. மருந்தடித்தால் அதன் மேலிருக்கும் மெழுகுப்பொடி தடுத்துவிடும். மல்பெரிக்கு அடிக்கவும் பயம். மருந்து பட்ட இலையைத் தின்றால் பட்டுப்புழு செத்துப்போகுமே!

மெக்சிகோவில் ஏன் இது இப்படி ஆட்டம் போடவில்லை? அங்கே இதன் எதிரிகளும் கூடவே வாழ்கின்றன. இங்கே பூச்சி மட்டும் தனியாக வந்து சேர்ந்தது.

அப்படியானால் எதிரியையும் கூட்டி வரலாமே என்பீர்கள். பொறுங்கள். ஆஸ்திரேலியாவில் கரும்பு வண்டுகளை ஒழிக்க, 1935-இல் ஹவாயிலிருந்து பெரிய தேரைகளைக் கொண்டு வந்தார்கள். கரும்பின் மேலே இருந்த வண்டு தேரைக்கு எட்டவில்லை. கீழே அகப்பட்டதையெல்லாம் தின்று அது பெருகியது. உடம்பெல்லாம் நஞ்சு வேறு. அதுவரை அப்படியொரு தேரையைப் பார்த்தறியாத அந்த மண்ணின் உடும்புகளும் பாம்புகளும் அதைக் கடித்துச் செத்தன. இன்னும் அது பரவிக்கொண்டே இருக்கிறது.

அதனால் நம் விஞ்ஞானிகள், இந்த மாவுப்பூச்சியை மட்டுமே நம்பிப் பிழைக்கும் எதிரியைத் தேடினார்கள். 2010-இல் புவேர்ட்டோ ரிகோவிலிருந்து மூன்று வகைக் குளவிகள் பெங்களூருக்கு வந்தன. ஆய்வகத்துக்குள் அடைத்து வைத்துச் சோதித்த பிறகே, அந்த அக்டோபரில் தமிழ்நாட்டுத் தோட்டங்களில் விட்டார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அவற்றை வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுத்தது.

மூன்றில் கெட்டிக்காரி அசெரோபேகஸ் பப்பாயே. நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நம்மைக் கொட்டாது. மாவுப்பூச்சிக் குஞ்சின் உடம்புக்குள் முட்டை வைக்கும். புழு உள்ளிருந்தே அதைத் தின்று வளரும். பூச்சி விறைத்து வெறும் கூடாகும். பிறகு வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதிய குளவி பறந்துவிடும். சில மாதங்களிலேயே தோட்டங்கள் துளிர்க்கத் தொடங்கின.

பூதக்கண்ணாடி இருந்தால் எடுத்துப் போங்கள். ஓட்டை விழுந்த கூடு தெரிந்தால் அந்த இலையைப் பறித்துவிடாதீர்கள். பக்கத்துக் கூட்டில் இன்னொரு குளவி வெளியே வரக் காத்திருக்கும்.